வெயில் காணாத எலும்பு

வெயில் ஆளைப் பொசுக்கும் ஊரில் பிறந்தவள் அவள். வாழ்க்கைப்பட்டு வந்ததோ, பாதி வருஷம் சூரியன் எட்டிக்கூடப் பார்க்காத ஊர். ஓட்டலின் அடித்தளத்தில் துணி தேய்க்கும் வேலை. விடியுமுன் உள்ளே போனால் இருட்டிய பிறகுதான் வெளியே வருவாள்.

ஒன்றரை வயதாகியும் மகள் நடக்கவில்லை. தாய்ப்பாலே கதி. “மகாராணிக்குப் பல்லக்கு வேணுமாம்” என்று பஸ் ஓட்டும் கணவன் சிரித்தபடி தூக்கிக்கொள்வான்.

ஒருநாள் காலுறை மாட்டும்போது குழந்தை வீறிட்டது. ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள். தொடை எலும்பு முறிந்திருந்தது. விலாவில் இரண்டு பழைய முறிவுகள்.

“யாரு அடிச்சது?” என்றாள் குழந்தைகள் நல அதிகாரி.

“பெத்த புள்ளையை அடிப்பேனாம்மா?”

யாரும் நம்பவில்லை. குழந்தையைப் பிரித்து, யாரோ ஒருவர் வீட்டில் வளர்க்க விட்டார்கள். வாரத்துக்கு ஒரு மணி நேரம் பார்க்கலாம், அதுவும் காவலோடு. பால் கட்டி நெஞ்சு வலிக்கும். குளியலறையில் பீய்ச்சிவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுவாள்.

பட்ட காலிலே படும் என்பார்கள். கணவனும் கேட்டுவிட்டான்: “உண்மையைச் சொல்லு. கோவத்துல ஏதாச்சும்...?”

அவள் அந்தக் காலுறையைத் தன் விரல்களில் மாட்டி மாட்டிக் கழற்றினாள். இவ்வளவு பலமாகவா இழுத்தேன்? அவளுக்கே தன்மேல் சந்தேகம் வந்துவிட்டது.

இருபத்துநாலாம் நாள், எலும்பு மருத்துவர் ஒருவர் படங்களைத் திரும்பப் பார்த்துவிட்டு அவர்களைக் கூப்பிட்டார்.

“அடி இல்லம்மா. எலும்பே மெழுகாட்டம் இருக்கு. கொளுத்துற வெயில் உடம்பைக் கெடுக்காம இருக்கத்தான் மனுஷன் தோல் கறுத்துச்சு. வெயில் குறைஞ்ச பக்கம் போய்க் குடியேறினவங்களுக்கு ஆயிரக்கணக்கான வருஷத்துல மெல்ல வெளுத்துச்சு. கொஞ்ச வெயில்லயும் எலும்புக்கான வைட்டமின் டி சுரக்கணுமே! நீங்க அந்தக் கறுத்த தோலோட ஒரே நாள்ல வந்து இறங்கிட்டீங்க. உங்க உடம்புலயே அது இல்ல, அப்புறம் பால்ல எங்கருந்து வரும்?”

“அப்ப என் நிறந்தான் குத்தமா டாக்டர்?”

“நிறத்துல ஒரு குத்தமும் இல்ல. தினம் ஒரு சொட்டு மருந்து போதும். அதை உங்களுக்கு யாரும் சொல்லல பாருங்க, அதான் குத்தம்.”

கணவன் தலை நிமிரவே இல்லை.

குழந்தை வீடு வர மேலும் பதினோரு நாள் ஆயிற்று. வந்ததும் அவளைப் பார்த்து முகத்தைத் திருப்பி, தூக்கி வந்த அதிகாரியின் கழுத்தைக் கட்டிக்கொண்டது.

“வாங்கிக்கோ” என்றான் கணவன்.

“ஒடைஞ்சிடுமோன்னு பயமா இருக்கு” என்றாள். கைகளை மட்டும் நீட்டினாள்.