குட்டைக் கம்பு

அறுபதுகளின் தொடக்கத்தில், குற்றாலத்தில் சாரல் விழுந்துகொண்டிருந்த ஓர் ஆனி மாதம் நடந்தது இது. கல்யாணமாகித் தென்காசிக்கு வந்தபின் எனக்கு அது முதல் சீசன். என் கணவர், நான் அத்தான் என்று கூப்பிடும் அவருடைய அண்ணன், அக்கா என்று கூப்பிடும் அண்ணன் மனைவி, நான் என நாலு பேரும் செண்பகாதேவி அருவிக்குக் கிளம்பினோம்.

மலையடிவாரக் கடையில் ஊன்றி நடக்கக் கம்பு வாங்கினார்கள். ஆண்களுக்கு நெஞ்சு உயர மூங்கில். எங்கள் இருவருக்கும் சாயம் பூசிய, இடுப்புக்குக்கூட எட்டாத மெல்லிய பிரம்பு.

நான் கடையத்துக்காரி. எங்கள் வயல் மலையை ஒட்டித்தான். இறங்கும்போது கம்பு நமக்கு முன்னே போய்க் கீழ்ப்பாறையைத் தொட வேண்டும் என்று எனக்குத் தெரியும். "எங்களுக்கும் மூங்கிலே வேணும்" என்றேன்.

கடைக்காரர் என்னைப் பார்க்கவே இல்லை. அத்தானைப் பார்த்துச் சிரித்தார். "பொம்பளையாளுவளுக்கு இது போதும் அண்ணாச்சி. பாக்க லெச்சணமா இருக்குல்லா?"

அத்தானும் தலையாட்டிவிட்டார். புது மருமகள், வாயை மூடிக்கொண்டேன்.

ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை. இறங்கும்போது வழியெல்லாம் பாசி. எனக்கு முன்னால் போன அக்கா ஒரு பாறையிலிருந்து கீழே கம்பை ஊன்றப் பார்த்தார். எட்டவில்லை. இன்னும் குனிந்து, முழுப் பாரத்தையும் அதன்மேல் போட்டார். பிரம்பு படக்கென்று முறிந்தது. அக்கா உருண்டு போய் ஒரு மரத்து வேரில் தட்டி நின்றார். அதற்குக் கீழே வெறும் பள்ளம்.

கணுக்கால் முறிந்துவிட்டது. ஆண்கள் இருவரும் மாற்றி மாற்றித் தூக்கி வந்து தென்காசி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மாவுக்கட்டுப் போட்டுக் கட்டிலில் படுக்க வைத்த பிறகு, வலியில் முனகிக்கொண்டிருந்தவர் காதுபடவே அத்தான் சொன்னார்: "பொட்டச்சியள மலைக்குக் கூட்டிட்டு வந்தது எந் தப்பு. ஒழுங்கா நடக்கத் தெரியுதா?"

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அதுவரை அவர் முகம் பார்த்துப் பேசாதவள் எழுந்து நின்றேன்.

"அக்காவுக்கு நடக்கத் தெரியும் அத்தான். நீங்க வாங்கிக் குடுத்தது கம்பே இல்ல, வெளையாட்டுச் சாமான். ஒசரம் போதுமான்னு அவுககிட்ட ஒரு வார்த்த கேட்டியளா?"

என் கணவர் என் கையைப் பிடித்து இழுத்தார். கட்டிலிலிருந்து அக்காவின் குரல் வந்தது. "விடுங்க கொழுந்தனாரே. அவ சொல்லுதது சரிதான்."

அத்தான் வெளியே போய்விட்டார்.

திருந்தியிருப்பார் என்றுதானே நினைப்பீர்கள்? அடுத்த சீசனுக்கு ஆண்கள் மட்டும் செண்பகாதேவிக்குப் போனார்கள். எங்களுக்கு மங்குஸ்தான் பழம் வாங்கி வந்தார்கள். லேசாகக் காலைச் சாய்த்து நடந்துகொண்டிருந்த அக்கா, அந்தக் கூடையைத் தொடவே இல்லை. நானும்தான்.

இத்தனை வருஷத்துக்குப் பிறகும், என் காலுக்கு எது போதும் என்று என்னைக் கேட்காமலே யாராவது தீர்மானிக்க வந்தால், மரியாதைக்காகக்கூட நான் சும்மா இருப்பதில்லை.