நிறுத்து என்றொரு பெயர்

ஐந்தாவதும் பெண்ணாகப் பிறந்தபோது மட்சுஸோ அதற்கு 'தொமே' என்று பெயர் வைத்தார். அவர்கள் மொழியில் 'நிறுத்து' என்று அர்த்தம். பெயரிலேயே சொல்லிவிட்டால் பிள்ளை வரத்து நின்றுவிடும் என்று அந்தச் சுரங்க ஊரில் ஒரு நம்பிக்கை. தான் செய்ய வேண்டியதைக் கைக்குழந்தையின் தலையில் கட்டிவிடும் சாமர்த்தியம் ஆண்களுக்குத்தான் வரும். தொமேவுக்குப் பிறகும் மூன்று பிறந்தன.

அதில் கடைசிப் பிரசவத்தில் அம்மா போய்ச் சேர்ந்தாள். உள்ளறையிலிருந்து "தொமே! தொமே!" என்று அலறினாள். பன்னிரண்டு வயது தொமே வெந்நீர் அடுப்பருகே நின்றிருந்தாள். பயத்தில் கால் எழவில்லை. கொஞ்ச நேரத்தில் சத்தம் அடங்கிவிட்டது.

அம்மா கூப்பிட்டும் போகாத மகள். அந்த நினைப்பு அவளைப் பேயாகப் பிடித்துக்கொண்டது. வளர்ந்து மருத்துவச்சியானாள். எந்த வீட்டில் எவள் வலியில் கத்தினாலும் அதற்குள் அம்மாவின் குரல் கேட்டது.

போர் முடிந்து, பெண்களும் தேர்தலில் நிற்கலாம் என்றானதும் ஊர் மன்றத்துக்கு நின்றாள். பிள்ளை போதும் என்கிறவர்களுக்கு வழி சொல்ல ஓர் அறை வேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்டது. சுரங்கக்காரர்களின் குளியல் கூடத்து வாசலில், மரப்பெட்டி மேல் ஏறிப் பேசினாள்.

"தொமே அக்கா! ஓட்டுச் சீட்டுல நாங்களே பேரை எழுதணுமாமே? 'நிறுத்து'ன்னு எழுதிப்புட்டு எதை நிறுத்தறது, ராத்திரி வேலையையா?" என்றான் கிசுகே. பெண்கள்கூட வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

அவளுக்குச் சுருக்கென்றது. யாரிடமும் சொல்லாதது வாயில் வந்துவிட்டது.

"நல்லா சிரிங்க. எங்கம்மா சாகறப்போ என் பேரைச் சொல்லித்தான் கத்தினா. நான் போகல. போயிருந்தா..."

"உன்னைக் கூப்பிடல."

கூட்டத்தின் ஓரத்தில், தோளில் ஈரத்துண்டோடு அவளுடைய அப்பா. எண்பது வயதாகிவிட்டது மட்சுஸோவுக்கு.

"நீங்க சும்மா இருங்கப்பா."

"உன்னைக் கூப்பிடலடி. என்னைத்தான் சொன்னா, நிறுத்துன்னு. அன்னைக்கு மட்டுமா? ராத்திரிக்கு ராத்திரி அதைத்தான் சொன்னா. நான்தான் கேக்கல."

கிசுகே தரையைப் பார்த்தான்.

அம்மா கூப்பிட்டும் போகாத பாரம் இதோடு இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை; தொமேவுக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது. சிறுமியாக இருந்தபோது காகிதக் கதவுக்கு அந்தப் பக்கம் அம்மா இருட்டில் தன் பெயரை முனகுவதைக் கேட்டிருக்கிறாள். தூக்கத்திலும் அம்மாவுக்கு என் ஞாபகம்தான் என்று பூரித்துப்போவாள். "இங்கதான்மா இருக்கேன்" என்று மெல்லச் சொல்லிவிட்டு, நிம்மதியாகத் தூங்கியும் போவாள்.