வேரோடு வந்த பூ

மலையூரான கம்போங் ராஜாவைத் தாண்டி, தேயிலைத் தோட்டத்துச் சாலையில் காரை நிறுத்துகிறேன். வடிகால் ஓரம், ஈரப் பாறையை ஒட்டி ஒற்றைச் செடி. அதில் மஞ்சள் பூ ஒன்று. இந்த மலைக்கே உரிய காசித்தும்பையா? கன்னம் தரையில் படக் குனிந்தும் கைப்பேசியில் படம் மங்கலாகவே விழுகிறது.

களை பிடுங்கிக்கொண்டிருந்த பெண் ஒருவர் அருகே வருகிறார்.

“என்னாங்க, ஏதும் விழுந்துருச்சா?”

“இல்லக்கா, இந்தப் பூவைத்தான் பார்க்கிறேன். இன்னும் எங்கேயாவது இருக்கா?”

“முந்தி இந்தத் தண்ணி போற டிரேன் ஓரம் பூரா மஞ்சளா கெடக்கும். மருந்தடிச்சு எல்லாம் போயிருச்சு லா. இந்த மூலையிலதான் மருந்து படல.”

சொல்லிக்கொண்டே குனிகிறார். நான் வாயைத் திறப்பதற்குள் செடி அவர் கையில். களை பிடுங்கிப் பழகிய கை. வேரில் ஓர் இழைகூட அறவில்லை. மண்ணை உதறி, சிரித்தபடி நீட்டுகிறார்.

“வீட்ல கொண்டுபோயி வைங்க லா. வேரோட இருக்கு, பிடிச்சுக்கும்.”

என் வீடு கிள்ளானில், கொதிக்கும் சமவெளியில். நன்றி சொல்கிறேன்.

அவர் நகர்ந்ததும், பாறையோரம் திரும்ப நட்டுவிடக் குனிகிறேன். தூரத்திலிருந்து திரும்பிப் பார்த்துக் கையசைக்கிறார். நானும் நிமிர்ந்து, செடியைத் தூக்கிக் காட்டிவிட்டு, காரில் ஏறுகிறேன்.