ஆறு வண்டிக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டவர்

போன செவ்வாய்க்கிழமை காலை ஒரு கட்டடத்தின் மொட்டை மாடியில் கேபிளுக்கு அளவெடுத்துக் கொண்டிருந்தேன். பாண்டிச்செல்வி அவர்களின் கணவர் அழைத்தார். "அண்ணே, செல்வி போயிட்டாண்ணே. நெஞ்சு வலின்னா, ஆஸ்பத்திரி வாசல்லயே முடிஞ்சு போச்சு." கையிலிருந்த டேப்பைச் சுருட்டக்கூடத் தோன்றவில்லை. செல்விக்கு நாற்பத்தாறு வயதுதான்.

கோச்சடையில் நானும் செல்வியும் பங்குதாரர்களாக ஒரு சிறிய மின் வடிவமைப்பு அலுவலகம் நடத்தி வந்தோம். மின்சார வாகனங்களுக்குச் சார்ஜிங் நிலையம் வைப்பவர்களுக்கு எந்த அளவு டிரான்ஸ்ஃபார்மர், எவ்வளவு தடிமனில் கேபிள் என்று கணக்கிடுவது அவர் வேலை. ஆள் பிடிப்பதும் வாய் பேசுவதும் என் வேலை.

சமயநல்லூரில் ஒருவர் ஆறு சார்ஜர் வைக்க முன்வந்தார். இடத்தைப் பார்த்ததும் செல்வி கேட்ட முதல் கேள்வி, "இந்த ரோட்டுல எந்தெந்தக் கோயிலுக்குண்ணே சனம் போகும்?" எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆறு வண்டியும் ஒன்றாக வந்து நிற்காது, பாதிக்குக் கணக்குப் போட்டால் போதும் என்பதுதான் எங்கள் தொழிலில் பலர் செய்வது. அதைச் சொன்னேன்.

"மாசிச் சிவராத்திரிக்கு வரும்ணே. குலசாமி கும்பிடப் பங்காளிக தனித்தனியாவா போவாங்க? அம்புட்டுப் பேரும் ஒண்ணாத்தான் கிளம்புவாங்க."

ஆறும் ஒரே நேரத்தில் ஓடினாலும் தாங்கும்படி ஐநூறு கேவிஏ டிரான்ஸ்ஃபார்மர் என்று எழுதிக் கையெழுத்திட்டார். அது வந்து சேர இரண்டு மாதம் ஆகும் என்றார்கள். உரிமையாளரோ அவசரப்பட்டார். செல்வி விடுப்பில் இருந்த வாரத்தில், அவர் கையெழுத்து இருந்த வரைபடத்திலேயே எண்ணை, உடனே கிடைக்கும் இருநூற்றைம்பது என்று மாற்றிவிட்டேன். அவரிடம் சொல்லவுமில்லை. திறப்பு நாளில் டிரான்ஸ்ஃபார்மரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மாசிக்கு முன்னாடி மாத்திருங்கண்ணே" என்றார். அவ்வளவுதான். நானும் தலையாட்டிவிட்டு மறந்து போனேன்.

சிவராத்திரிக்கு மறுநாள் மதியம் ஒரே குடும்பத்து வண்டிகள் ஆறு வந்து நின்றன. சுமை தாங்காமல் பிரேக்கர் விழுந்து மின்சாரம் நின்றது. தூக்கிவிட்டால் மறுபடி விழுந்தது. வெயிலில் கைக்குழந்தையோடு ஒரு பெண் நின்று கொண்டிருந்தார். உரிமையாளர் கத்தினார்: "எவன்யா போட்ட கணக்கு இது?"

நான் பிரேக்கர் பெட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஸ்கூட்டரில் வந்து இறங்கிய செல்வி, "என் டிராயிங்தான் சார்" என்றார். மூன்று சார்ஜர்களை நிறுத்தி, மும்மூன்று வண்டியாகச் சார்ஜ் ஏற்றினார். கைக்குழந்தைக்காரிக்கு முதல் இடம் கொடுத்தார். கடைசி வண்டி போகும்வரை அங்கேயே நின்றார்.

பிறகு, "ஏன் உங்க பேரைச் சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"கீழ இருக்கது என் கையெழுத்துதானேண்ணே. பெருசுக்கு ஆர்டர் போட்டாச்சு, விடுங்க."

விட்டுவிட்டேன். மன்னிப்புக் கேட்கவில்லை. உரிமையாளரிடமும் உண்மையைச் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்றே மூன்று வருடம் போய்விட்டது. கோழைத்தனம், வேறென்ன.

அடக்கம் முடிந்து மறுநாள் சமயநல்லூர் வழியாக வந்தேன். திண்டுக்கல் பக்கத்திலிருந்து சாவுத் துட்டிக்கு வந்திருந்த செல்வியின் பங்காளிகள் ஊர் திரும்பிக் கொண்டிருந்தார்கள். ஆறு சார்ஜரிலும் அவர்கள் வண்டிகள். உரிமையாளர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "தங்கமான அம்மா சார். மொதல்ல ஒரு தப்புப் பண்ணாங்க, ஆனா அவங்களே சரி பண்ணிட்டாங்க."

"அந்தத் தப்பு என்னுது சார்" என்றேன். முழுவதையும் சொன்னேன். அவர் மெல்லக் கையை எடுத்துக்கொண்டார். எடுக்க வேண்டியதுதான்.

செல்வி, உங்கள் சனம் அம்புட்டுப் பேரும் ஒன்றாகத்தான் வந்தார்கள். ஆறும் ஓடியது, பிரேக்கர் விழவில்லை. உங்கள் கணக்கு சரி. போய் வாருங்கள், தாயி.