மேஜர் மேல் விழுந்த பழி

நாய்க்கு முடி கொட்டுவது ஒரு குற்றமா? மனுஷருக்குக் கொட்டவில்லையா? எங்கள் வீட்டுக் குழம்பில் எத்தனையோ தடவை அம்மாவின் நீள முடி கிடந்திருக்கிறது. அப்பா அதை விரலால் எடுத்துத் தட்டோரம் போட்டுவிட்டு மூச்சுக் காட்டாமல் சாப்பிடுவார். அதே குழம்பில் அரை விரற்கடை நீளத்துக்கு ஒரு வெள்ளை முடி கிடந்துவிட்டால் போதும், வீடு இரண்டுபடும். எனக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. எத்தனையோ கோபங்கள் வந்து போய்விட்டன, இந்த ஒன்று மட்டும் இன்னும் ஆறவில்லை.

மேஜர் எங்களிடம் வலிய வந்தவன் இல்லை. அப்பா தூத்துக்குடி துறைமுகத்தில் ஒரு கப்பல் கம்பெனியில் கிளார்க்காக இருந்தார். யுத்தம் முடிந்ததும் கம்பெனித் துரை சீமைக்குக் கப்பலேறினார். நாயைக் கொண்டுபோக வழியில்லை என்று சங்கிலியை அப்பாவின் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். பெயரும் அவர் வைத்ததுதான். பனி பெய்கிற தேசத்துக்கென்று ஆண்டவர் கொடுத்தனுப்பிய கம்பளிச் சட்டையோடு எங்கள் உப்பளத்து வெயிலில் அந்த ஜீவன் என்ன செய்யும்? கழற்றத்தான் செய்யும். பாயிலும் தலையணையிலும் குடிதண்ணீர்ப் பானையிலும் கழற்றியது. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போட்டுப்போகிற அப்பாவின் கறுப்புக் கோட்டிலும் கழற்றியது. பாட்டு நடந்துகொண்டிருந்தபோது பின்வரிசையில் இருந்த ஒருவர் அப்பாவின் முதுகில் முடி பொறுக்கியதை அம்மா பார்த்துவிட்டாள். அன்றைக்குப் பெரிய பிரசங்கம் எங்கள் வீட்டில்தான் நடந்தது.

முடியைச் சமாளிக்கிற வேலை என் தலையில் விழுந்தது. பனந்தும்பு ஏற்றுமதி பண்ணுகிற கிட்டங்கியிலிருந்து அப்பா ஒரு தும்புப் பிரஷ் வாங்கி வந்தார். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மேஜரைப் புறவாசலில் கட்டி, கழுத்திலிருந்து வால்வரைக்கும் வாருவேன். கைகொள்ளாமல் வரும். அதை ஓலைப்பெட்டியில் அமுக்கிக் கொண்டுபோய் மண்ணில் புதைப்பேன். மேற்கேயிருந்து கச்சான் காற்று அடிக்கிற மாசங்களில் இதெல்லாம் வீண்பாடு. பெட்டியை எடுக்குமுன்னே பாதி முடி பறந்து அடுக்களைக்குள் போய்விடும். நல்லெண்ணெய் தேய்த்துப் பார்த்தோம். அரப்புப் போட்டுக் குளிப்பாட்டினோம். கடல் தண்ணீரில் முக்கினால் நிற்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு முக்கினோம், உடம்பெல்லாம் உப்புப் பூத்து இன்னும் கூடத்தான் கொட்டியது. இத்தனைக்கும் மேஜர் ஒரு தடவைகூடப் பல்லைக் காட்டவில்லை.

அப்பாவின் தங்கை, என் அத்தை, எங்களோடு இருந்தாள். பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சர். சாத்தான்குளத்தில் மாப்பிள்ளை பேசி முடித்து, கிறிஸ்மஸ் கழிந்ததும் கலியாணம் என்று வைத்திருந்தார்கள். அந்த வருஷம் ஆடிக்காற்றில் அவளுக்கு இருமல் பிடித்தது. அம்மாவின் அண்ணன், என் மாமா, ஒரு டிஸ்பென்சரியில் கம்பவுண்டர். அவர் சிவப்பு மிக்சர் கொண்டுவந்து கொடுத்தார். நிற்கவில்லை. ஒருநாள் அத்தையை உட்காரவைத்து, முதுகில் காதை வைத்துக் கேட்டார். ரொம்ப நேரம் கேட்டார். பிறகு எழுந்து போய்க் கையைக் கழுவிக்கொண்டே, ஓரமாகப் படுத்திருந்த மேஜரைப் பார்த்தார்.

“நாய் முடிதான். மூச்சோட உள்ள போயி நெஞ்சுல ஒட்டிக்கிடுது. வேற ஒண்ணுமில்ல.”

“அதானே பாத்தேன்” என்றாள் அம்மா. அப்பாவின் முகம் தெளிந்துவிட்டது. எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. அவன் வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தூங்குகிறவள் நான். எனக்கு ஒரு தும்மல் உண்டா? அதை யாராவது கேட்டார்களா? கேட்கவில்லை. அவர்களுக்கு எவனாவது ஒருவன் சிக்க வேண்டியிருந்தது. சிக்கினான் என்றதும் அன்று ராத்திரி எல்லாரும் வயிறாரச் சாப்பிட்டார்கள்.

முதலில் முடிவெட்டுகிறவரைக் கூட்டிவந்து மேஜரை மொட்டையடித்தார்கள். வெயில் பட்டுத் தோல் சிவந்துபோய், கட்டிலுக்கடியில் போய் மூஞ்சியை மறைத்துக்கொண்டு படுத்தான். இருமல் நிற்கவில்லை. பழைய முடி வீட்டுக்குள்ளேயே கிடக்கிறதாம். தலையணைகளைப் பிரித்துப் பஞ்சை மாற்றினார்கள், சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். அப்புறமும் நிற்கவில்லை. மொட்டை நாயின் உடம்பிலும் கண்ணுக்குத் தெரியாத பூமுடி இருக்கிறதாம். என்ன நியாயம் இது? ஒரு காலையில் அப்பா மேஜரைக் கூட்டிக்கொண்டுபோய், தெரிந்த உப்பளக் காவல்காரரிடம் விட்டுவரப் புறப்பட்டார். நான் வாசலில் விழுந்து புரண்டு அழுதேன்.

“ஏளா, எந்திரி. உனக்கு நாய் வேணுமா, அத்தை வேணுமா?” என்று அம்மா அதட்டினாள்.

“நாய்தான்” என்றேன். முதுகில் ஒன்று விழுந்தது. கேட்டது அவள், பதில் சொன்னதற்கு எனக்கு அடி.

மேஜர் போனபின் அத்தையின் இருமல் குறைந்துவிட்டது என்று வீட்டில் பேச்சு. நாலு பேர் இருக்கிற இடத்தில் அவள் இருமுவதே இல்லை. “பாத்தியளா, நாயும் போச்சு, இருமலும் போச்சு” என்று மாமா வரும்போதெல்லாம் சொல்வார். “ஆமா, இப்ப எவ்வளவோ தேவல” என்று அத்தையும் சொல்வாள். ஆனால் எனக்குச் சந்தேகம். வாயில்லாதவனுக்கு என்னை விட்டால் வக்கீல் யார்? அத்தை போகிற இடமெல்லாம் பின்னாலேயே போனேன். கிணற்றடியில் துணியைக் கல்லில் ஓங்கி ஓங்கி அடிப்பாள், அந்தச் சத்தத்துக்குள்ளேயே இருமிக்கொள்வாள். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு இருமுவாள். பிறகு அந்த முந்தானையை மட்டும் தனியாக அலசி, தண்ணீரைத் தூரக் கொண்டுபோய் ஊற்றுவாள். எனக்கு வேண்டிய சாட்சி கிடைத்துவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாமாவும் சாப்பிட வந்திருந்தார். கலியாணத்துக்கு ஜவுளி எடுக்கிற பேச்சு நடந்துகொண்டிருந்தது. நான் கையைத் தட்டில் உதறிவிட்டு எழுந்து நின்றேன்.

“மேஜர் போயி எம்புட்டு நாளாச்சு? இந்த வீட்டுல ஒரு முடி இருந்தா எடுத்துக் காட்டுங்க. அத்தை இன்னும் இருமுதா. கிணத்தடியில வாயில துணிய வச்சுக்கிட்டு இருமுதா. துணியெல்லாம் ரத்தம். நான் பாத்தேன். எல்லாரும் மேஜர் மேல பொய் சொன்னீங்க.”

அடி விழும் என்று முதுகை இறுக்கிக்கொண்டு நின்றேன். விழவில்லை. மாமா எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தார். அப்பா தங்கையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஆண்டவரே” என்றாள் அம்மா. அத்தைதான் பேசினாள்.

“பிள்ள சரியாத்தான் சொல்லுதா. நாயக் கொண்டாந்துருங்க அண்ணே. அது என்ன செய்யும், பாவம்.”

காசம் என்ற சொல்லை எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அன்றைக்கு அதற்கு மருந்தென்று எங்கள் கைக்கு எட்டியது எதுவும் இல்லை. முதுகில் காதை வைத்துக் கேட்ட அன்றே மாமாவுக்கு அது தெரிந்திருக்கும். நாய் முடி என்றால் நாயை விரட்டினால் தீர்ந்தது. மற்றது என்றால் எதை விரட்டுவது? மேஜர் மேல் அவர்களுக்கு ஒரு விரோதமும் இல்லை. குற்றவாளி அவனாகவே இருக்க வேண்டும் என்று ராப்பகலாக ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தார்கள். இது எனக்குப் புரிந்தபோது நானே பிள்ளை பெற்றிருந்தேன்.

அந்த வாரமே அப்பா மேஜரைக் கூட்டிவந்தார். முடி முளைத்திருந்தது. உள்ளே வந்ததும் உடம்பை உதறினான், கூடமெல்லாம் பறந்தது. அம்மா துடைப்பத்தை எடுத்துக் கூட்டினாள், அவ்வளவுதான். அன்று சாயங்காலம் அத்தையை ரயிலுக்குக் கூட்டிப்போக வாசலில் குதிரைவண்டி வந்து நின்றது. மேற்கே மலையடிவாரத்தில், நெஞ்சு நோய்க்காரர்களை வைத்துப் பார்க்கிற ஓர் ஆஸ்பத்திரிக்குப் போகிறாள் என்று மட்டும் எனக்குச் சொல்லியிருந்தார்கள். சாத்தான்குளத்துப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. அத்தை வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். நாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்ற என்னைக் கிட்டே கூப்பிடவில்லை. அங்கிருந்தே பார்த்துச் சிரித்தாள்.

“ஏளா, உன் கேசு ஜெயிச்சிட்டுல்லா?”

“ஆமா. பின்ன?” என்றேன்.

வண்டி நகர்ந்தது. அம்மா கதவில் சாய்ந்துகொண்டு அழுதாள். மாமா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். துணைக்குப் போன அப்பாவும் வண்டிக்குள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒரு வாயில்லா ஜீவன் மேல் அநியாயமாகப் பழி போட்டுவிட்டோமே என்ற வெட்கத்தில் அழுகிறார்கள் என்று நினைத்தேன். இவ்வளவு அழுகிறார்களே, போதும் என்று எல்லாரையும் மன்னித்துவிட்டேன்.