நின்னுக்கறேனுங்க

பனியன் கம்பெனியில் வேலையை விடுகிறவர்கள் ‘விடுகிறேன்’ என்று சொல்வதில்லை. ‘நின்னுக்கறேனுங்க’ என்பார்கள். அவ்வளவு மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனால் மறுபடியும் கூப்பிடுவார்கள் என்று ஒரு நப்பாசை. பெருமாநல்லூர் ரோட்டுக் கம்பெனி ஒன்றில் செக்கிங் பார்க்கிற நானும் அந்தச் சொல்லை ஒருநாள் மனப்பாடம் செய்துகொண்டு மொதலாளி அறைக்குப் போனேன்.

காரணம் ஒரு கரடி.

குழந்தைகள் சட்டை ஆர்டர், நெஞ்சில் கரடிப் படம். ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் பிசகு எதுவும் என் கண்ணுக்குத் தப்பாது என்று எனக்கு ஒரு திமிர் உண்டு. ஷிப்மென்ட் நெருங்கிவிட்டதால் நாள் முழுக்க மேசை முன்னால் நின்றபடியே வேலை. வீட்டுக்குப் போனால் அடுப்பு முன்னால் நிற்க வேண்டும். கால் வீங்கிப்போய்ச் செருப்புக்குள் நுழையவே மறுத்தது. தூக்கம் என்று ஒன்று இருந்ததே மறந்துபோயிற்று. அன்றைக்கு ‘ஓகே’ என்று நான் தள்ளிவிட்ட சட்டையைப் பக்கத்து மேசைக்காரி எடுத்துப் பார்த்தாள். திருநெல்வேலிக்காரி, வாய் சும்மா இருக்காது.

“ஏக்கா, இந்தக் கரடி தலைகீழால்லா நிக்கி!”

“நிக்கட்டும் உடு. நான் நேரா நிக்கறேன், என்ன சொகத்தக் கண்டேன்?”

இருவரும் சிரித்துவிட்டோம். அடுத்த நொடி சட்டையைப் பிடுங்கிப் பார்த்தேன். அது பெட்டிக்குள் போயிருந்தால் மொத்த ஆர்டரும் திரும்பி வந்திருக்கும். கண்ணும் போச்சு என்றால் எனக்கு இங்கே என்ன வேலை? எனக்குப் பிடித்த வேலை, பார்வை இருக்கிறவரை செய்ய நினைத்த வேலை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

“நான் நின்னுக்கப் போறேன் கண்ணு,” என்றேன்.

“போங்கக்கா, வெளையாடாதிய.”

எங்கள் மொதலாளி கொங்கு நாட்டு மரியாதையை மொத்தமாகக் குத்தகை எடுத்தவர். தெருநாயைக்கூட “போங்க சாமி” என்றுதான் விரட்டுவார்.

“வாங்க, வாங்க. உக்காருங்க.”

வழியெல்லாம் சொல்லிப் பார்த்த வசனம் வாயிலிருந்து தானாக விழுந்தது. “நான் நின்னுக்கறேனுங்க.”

“அட, எதுக்குங்க நிக்கோணும்? சேர் இருக்குதுல்லீங்க?”

“இல்லீங்க, நான் நின்னுக்கறேனுங்க!”

“காத்தால இருந்து நின்னுட்டுத்தானுங்க இருக்கீங்க. மொதல்ல உக்காருங்க, அப்பறம் பேசலாம்.”

இந்த மனிதரிடம் எப்படித்தான் வேலையை விடுவது? உட்கார்ந்தேன். மெத்தை வைத்த நாற்காலி, தலைக்கு மேலே ஏசி. அவருக்குப் போன் வந்தது. பேசி முடிக்கட்டும் என்று கண்ணை மூடினேன். அவ்வளவுதான் ஞாபகம்.

விழித்தபோது டீ மணி அடித்துக்கொண்டிருந்தது. வாயோரம் ஈரம். அறையில் யாரும் இல்லை. கதவுக்கு வெளியே மொதலாளி சுவரில் சாய்ந்து நின்று, போனில் கிசுகிசுத்துக்கொண்டிருந்தார். மானம் கப்பலேறியது. ஆனால் உடம்பு பஞ்சு மாதிரி இருந்தது. மண்டைக்குள் இரைந்துகொண்டிருந்த மிஷின்கள் எல்லாம் ஓய்ந்திருந்தன. நன்றாகப் பசித்தது.

“எந்திரிச்சுட்டீங்களா? எம்பட காலு கடுக்குதுங்க,” என்றார், முட்டியைத் தேய்த்தபடி. “என்னமோ சொல்ல வந்தீங்களே?”

“வேலைய உட்டு நின்னுக்கறேன்னு சொல்ல வந்தனுங்க.”

மனிதர் முகம் வெளுத்துப்போயிற்று. “அய்யோ, அந்த நிக்கறதுங்களா! நா வேற, உக்காருங்க உக்காருங்கன்னுட்டு...”

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தூங்கி எழுந்தால் தைரியமும் வரும்போல. “செத்த நேரம் நின்னதுக்கே உங்களுக்கு முட்டி வலிக்குது. எங்களுக்குத் தெனமும் அதானுங்க. மேசைக்கு ஒரு ஸ்டூல் போடுங்க. அப்பறம் எந்தக் கரடி தப்பிக்குதுன்னு பாக்கறேன்.”

எந்தக் கரடி என்று அவருக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. “நாளைக்கே எல்லாருத்துக்கும் போட்டரலாங்க,” என்று, மூலையில் கிடந்த ஸ்டூலைத் தானே எடுத்து என்னிடம் கொடுத்தார்.

அதைத் தூக்கிக்கொண்டு திரும்பினேன். பக்கத்து மேசைக்காரியின் மூக்கு சிவந்திருந்தது. அழுதிருக்கிறாள், கழுதை. தலைகீழ்க் கரடி இன்னும் என் மேசையில் கிடந்தது.

“ஏக்கா, நெசமாவே நின்னுட்டியளா?”

மேசைக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டேன்.

“இல்ல கண்ணு,” என்றேன். “உக்காந்துட்டேன்.”