நான் சொன்ன ஒரு வரியும் பூங்குழலியின் கம்ப்யூட்டரும்

என் மனைவி பூங்குழலியின் பெயர் உப்பளத் தொழிலாளர் பதிவேட்டில் இல்லை. இருபத்திரண்டு வருடமாக மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்கிறவளின் பெயர் ஏன் இல்லை என்று யாராவது கேட்டால் குத்தகைக்காரர் பஞ்சநாதன் மேல் பழி போடுவேன், இல்லாவிட்டால் ஆபீஸ் மேல் போடுவேன். இத்தனை நாளும் அப்படித்தான் ஒப்பேற்றினேன். கெடுத்தது நான்.

ஏழு வருடத்துக்கு முன்னால் பெயர் எழுத ஒரு அதிகாரி பாத்திக்கே வந்தார். செல்லப்பன் என்று என் பெயரை எழுதி முடித்தார். பத்தடி தள்ளி, தலையில் உப்புக்கூடையோடு பூங்குழலி நின்றிருந்தாள். "அவங்களும் வேலை செய்றாங்களா?" என்று கேட்டார். பக்கத்தில் பஞ்சநாதன் நின்றுகொண்டிருந்தார். பதிவேட்டில் ஆள் கூடினால் அவருக்குப் பிடிக்காது. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். "சும்மா ஒத்தாசைக்கு வர்றாங்க சார்" என்றேன்.

ஒத்தாசை என்றால் என்ன என்று சொல்கிறேன். மழை விட்டு தை பிறந்ததும் பாத்திச் சேற்றை வெறுங்காலால் மிதித்து மிதித்து இறுக்க வேண்டும். என்னோடு சேர்ந்து அவளும் மிதிப்பாள். வெயில் ஏறினால் நான் பலகையால் உப்பை இழுத்து வரப்பில் சேர்ப்பேன். அதைக் கூடையில் அள்ளி, வழுக்கும் வரப்பு மேல் நடந்து, அம்பாரத்தில் கொட்டிவிட்டு வருவது அவள். குதிகால் வெடிப்பில் உப்புத் தண்ணீர் ஏறினால் என்ன எரிச்சல் எரியும் என்று அந்த அதிகாரிக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

பதிவு இருந்தால் மழைக்காலத்து நிவாரணம் வரும், அடிபட்டால் உதவி வரும். எங்கள் பக்கத்துப் பாத்தி சாலம்மாள் மூன்று வருடத்துக்கு முன் கூடையோடு சறுக்கி விழுந்தாள், இடுப்பெலும்பு உடைந்தது. உதவி கேட்டுப் போனால், ஆபீஸில் பதிவு அட்டை எங்கே என்று கேட்டார்கள். அட்டை அவள் புருஷன் பெயரில் இருந்தது. விழுந்தது அவர் இல்லையே என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அன்றைக்குத்தான் பூங்குழலிக்குத் தலைக்கு மேல் கோபம் வந்தது. அவள் டைப்ரைட்டிங் லோயர், ஹையர் இரண்டும் பாஸ் செய்தவள். ஊரில் ஒரு பிரவுசிங் சென்டரை மூடியபோது அங்கிருந்து பழைய கம்ப்யூட்டர் ஒன்றும் பிரிண்டர் ஒன்றும் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தன. பெயர் இல்லாத பெண்களை அவள் தேடிப் பிடித்தாள், தன்னையும் சேர்த்து முப்பத்தொரு பேர். ஒவ்வொருத்தியையும், இடுப்பு தேறி மறுபடி கூடை தூக்க வந்த சாலம்மாளையும், வேலை செய்யும்போதே படம் எடுத்து, எந்த வருடத்திலிருந்து, எந்த அளத்தில், என்ன வேலை என்று கேட்டுக் கேட்டு அடித்து வைத்தாள். இரண்டு வருட உழைப்பு. எல்லாம் அந்தப் பெட்டிக்குள்.

அந்தப் பெட்டியை நான் என்ன செய்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் ஊர்க் காற்றில் சைக்கிள் செயின் ஒரு மாதம் தாங்காது. கதவுக் கீல் உதிரும். அதனால் உப்பு அம்பாரத்தை மூடுகிற மாதிரி, தடித்த பிளாஸ்டிக் தாளை அந்தப் பெட்டியைச் சுற்றி இரண்டு சுற்றுச் சுற்றி, கயிறு போட்டு இறுக்கிக் கட்டினேன். ஒயர் மட்டும் வெளியே. ஒரு பொட்டுக் காற்று உள்ளே போகாது என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டேன். பூங்குழலியும் நல்லா கட்டியிருக்கீங்க என்றாள்.

கொஞ்ச நாளில் அது திணற ஆரம்பித்தது. தொட்டால் சுட்டது. தானாக அணைந்தது. போதாக்குறைக்கு அதிலிருந்த விண்டோஸ் வேறு, அக்டோபரோடு இதற்கு ஆதரவு முடிகிறது, இந்தக் கம்ப்யூட்டரில் புதியது ஏறாது, வேறு வாங்குங்கள் என்று திரையை அடைத்துக்கொண்டு வந்து நிற்கும். பூங்குழலி சாலம்மாள் பக்கத்தை அடித்துக்கொண்டிருப்பாள், அது நடுவில் வந்து நிற்கும்.

"என் வூட்ல, என் மெஷின்ல குந்திக்கினு, என்னாண்டயே புதுசு வாங்குன்றான். நல்லா இருக்குற பொருள செத்துப்போச்சின்னு சொல்ல இவன் யாரு?" என்று கத்துவாள்.

டிசம்பரில் அது ஒரேயடியாக நின்றுவிட்டது. அடுத்து வந்த திங்கட்கிழமை விடுபட்ட பெயர்களைச் சேர்க்கும் முகாம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெள்ளிக்கிழமை புதுச்சேரிக்குப் போனோம். கடைக்காரர் திறந்துகூடப் பார்க்கவில்லை. "டப்பா இது. தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்குங்க. உள்ள இருக்கறத மறந்துடுங்க" என்றார். முப்பத்தொரு பெண்களை மறந்துவிடச் சொல்கிறார் என்று அவருக்கு எப்படித் தெரியும். பூங்குழலி பெட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்து சீட்டில் இருந்த பெண் அதையே பார்த்துக்கொண்டு வந்தாள். பெயர் நிவேதா, கண்ணாடிக் கடையில் வேலை, வழியில் இடையஞ்சாவடியில் வீடு.

"ஏங்க்கா, சிபியுவ எதுக்கு பொட்டலம் கட்டி வெச்சிருக்கீங்க?"

"உப்புக் காத்து படக்கூடாதுன்னு."

"ஓடும்போதும் இப்பிடியே தான் இருக்குமா?"

"ஆமா."

நிவேதா என்னைப் பார்த்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவளும் சில பேரும் இடையஞ்சாவடியில் ஓரிடத்தில் கூடிப் பழைய கம்ப்யூட்டர்களில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டுக் கொடுக்கிறார்களாம். எடுத்துக்கொண்டு வரச் சொன்னாள்.

ஞாயிறு காலை அங்கே என் கயிற்றை அறுத்தார்கள். உள்ளே விசிறி அசையவில்லை. தூசியும் ஈரமும் சேர்ந்து சேறாக அப்பியிருந்தது. காற்று போகாமல் வெந்திருக்கிறது. "யாரு கட்டுனது, நல்ல கைங்க" என்று ஒருவர் சிரித்தார். எனக்குக் காது மடல் எரிந்தது. பிரஷ் போட்டுத் துடைத்து, விசிறியை மாற்றி, நிவேதா ஒரு பென்டிரைவைச் செருகினாள். உள்ளே இருப்பதைத் தொடாமல் பென்டிரைவிலிருந்தே லினக்ஸ் ஓடியது. திரையில் தமிழில் எழுத்துகள் வந்தன. இரண்டு தட்டு தட்டியதும் 'முப்பத்தொரு பேர்' என்ற ஃபோல்டர் திறந்தது. சாலம்மாள், ஆராயி, எல்லோரும் இருந்தார்கள்.

பூங்குழலி அழுவாள் என்று நினைத்தேன். "மூச்ச அடச்சி கொல்லப் பாத்தியே" என்றாள் என்னிடம். அவளுக்குக் கோபம் வந்தால் 'நீங்க' போய் 'நீ' வந்துவிடும். அப்புறம் நிவேதா பக்கம் திரும்பினாள்.

"இது எந்தக் கம்பெனியோடது?"

"கம்பெனி இல்லக்கா. அவங்கவங்க வூட்ல இருந்து நெறய பேரு சேந்து செய்றாங்க. நீங்க வெச்சிக்கலாம், அடுத்தவங்களுக்கும் குடுக்கலாம்."

"சும்மா குடுக்கறவன் பின்னாடி எதனா கேப்பானே."

"ஒண்ணும் கேக்க மாட்டாங்க. எதனா சரியில்லன்னா சொல்லுங்க, அது போதும்."

பூங்குழலி நம்பவில்லை. திரையைப் பார்த்துவிட்டு, "வரப்பு ஒடஞ்சா யாரு பாத்தின்னு பாக்காம எல்லாம் மண்ணு போடுவோமே, அதுமாரியா?" என்றாள். அதுமாதிரிதான் என்றாள் நிவேதா. ஃபோல்டரை ஒரு பிரதி எடுத்து வைத்துவிட்டு, பெட்டியிலேயே லினக்ஸை ஏற்றிக் கொடுத்தார்கள்.

மாலை வீட்டில் பிரிண்ட் போட்டால், எழுத்து நன்றாக வந்தது, படம் மட்டும் கறுப்புக் கட்டமாக வந்தது. சாலம்மாள் கறுப்பு. ஆராயி கறுப்பு. விடிந்தால் முகாம். பூங்குழலி நிவேதாவுக்குப் போன் போட்டு, சும்மா கொடுத்தது இப்படித்தான் இருக்கும் என்று பொரிந்து தள்ளினாள். அதை அப்படியே எழுதச் சொன்னாள் நிவேதா. ஆங்கிலத்தில் மாற்றி, லினக்ஸ் செய்கிறவர்களின் இணையப் பக்கத்தில் குறை சொல்லும் இடத்தில் போடுவதாகச் சொன்னாள். பூங்குழலி எழுதினாள்: 'இரண்டு வருடம் வெயிலில் நின்று எடுத்த படம். முகம் இல்லாமல் இந்தப் பெண்களை ஆபீஸில் கொண்டுபோய் நான் என்ன செய்ய?'

ஒரு மணி நேரத்தில் நிவேதா வழியாகத் தமிழில் பதில் வந்தது. யாரென்று தெரியாத ஒருவர், மன்னிக்கவும், இதைப் போட்டுப் பார்த்துச் சொல்கிறீர்களா என்று ஒரு சின்ன ஃபைல் அனுப்பியிருந்தார். போட்டாள், கறுப்பு. சொன்னாள். இன்னொன்று வந்தது. அதுவும் கறுப்பு. மூன்றாவதில் பாதி முகம் வந்தது. நான்காவதில் சாலம்மாள் முழுசாக வந்தாள், தலையில் கூடையோடு. "மன்னிக்கவும்னு போட்டிருக்கான் பாரு" என்று பூங்குழலி அதையே திரும்பத் திரும்பப் படித்தாள்.

மறுநாள் முகாம். முப்பத்தொரு பேரின் தாள்களையும் மேஜை மேல் வைத்தாள். அதிகாரி புரட்டினார். நன்றாகத்தான் செய்திருக்கிறீர்கள் என்றார். "ஆனா பதிவுல இருக்கற வீட்டுக்காரர் சொல்லணும்மா. ஒரு வரி எழுதிக் குடுத்தா போதும்." பிறகு பழைய தாளைப் பார்த்துவிட்டு என்னிடம், "ஏம்பா, அப்ப நீதானே ஒத்தாசைன்னு சொன்ன? இப்ப இன்னா சொல்ற?" என்றார்.

வாசலில் பஞ்சநாதன் நின்றார். வேறொன்றும் செய்யவில்லை. நின்றார், அவ்வளவுதான். அடுத்த பருவத்துக்குப் பாத்தி கொடுப்பவர் அவர். என் பின்னால் மற்றப் புருஷன்கள் நான் என்ன சொல்லப்போகிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"யோசிச்சி சொல்றேன் சார்" என்றேன்.

அவர்களும் யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டார்கள். முப்பத்தொரு பேரையும் கயிறு போட்டுக் கட்டி அலமாரிக்கு மேலே வைத்தார் அதிகாரி. நான் பெட்டியைக் கட்டியதைவிட இறுக்கம்.

அதற்குப் பிறகு பூங்குழலி என்னிடம் தேவைக்கு மட்டும்தான் பேசினாள். வேலை முடிந்து வந்தால் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுவாள். எனக்கு அந்த லினக்ஸ் மேல் எரிச்சலாக வந்தது. நானும் உட்கார்ந்து பார்த்தேன், குறை கண்டுபிடிக்க. பிரிண்டரோடு சேர்ந்திருக்கும் ஸ்கேனர் இரண்டு வாரம் வேலை செய்யவில்லை, அதைச் சொல்லிக் காட்டினேன். ஆனால் டப்பா என்று தூக்கிப் போடச் சொன்ன அதே பெட்டி, டீ கொதிப்பதற்குள் திறந்துவிடுகிறது. எதையும் வாங்கச் சொல்லி நடுவில் வந்து நிற்பதில்லை. புதுசாக ஏதாவது ஏற்ற வேண்டுமென்றால் இப்போதா அப்புறமா என்று கேட்கிறது. அப்புறம் என்றால் வாயை மூடிக்கொண்டு போகிறது. வீட்டுப் பொருள் வீட்டுக்காரி பேச்சைக் கேட்கிறது. எனக்குத்தான் அதில் என்ன கோபம் என்று எனக்கே விளங்கவில்லை.

மார்ச் மாதம் அந்த லினக்ஸின் அடுத்த பதிப்பு வந்தது. நிவேதா போன் செய்து, கடைசிப் பக்கத்தைப் பார்க்கச் சொன்னாள். யார் யார் எதைச் செய்தார்கள் என்று நீளமாகப் பெயர்கள். ஆங்கிலத்தில்தான் இருந்தது, நான் எழுத்துக்கூட்டிப் படித்தேன். பிரிண்டரில் படம் கறுப்பாக வரும் கோளாறைச் சொன்னவர், சோதித்துப் பார்த்தவர்: பூங்குழலி, மரக்காணம்.

நல்லது என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவள் முகம் சிரிக்கிற முகமாக இல்லை.

"என்னய ஒரு தபா கூட கண்ணால பாத்ததில்ல அவன். நாலு தாளு பிரிண்ட் எடுத்துப் பாத்தேன், அதுக்குப் பேரு எழுதியிருக்கான். இருபத்திரண்டு வருஷம் உன் பக்கத்துல நின்னு கூடை தூக்கினேன். நீ இன்னா எழுத வெச்ச?"

அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள், திரை அப்படியே கிடந்தது.

வருகிற வெள்ளிக்கிழமை மறுபடி முகாம். பஞ்சநாதன் வாசலில் நிற்பார். நிற்கட்டும். பாத்தி கொடுக்காவிட்டால் போகட்டும். மற்ற முப்பது வீட்டுப் புருஷன்களுக்கும் சொல்லியிருக்கிறேன். எத்தனை பேர் வருவார்கள் என்று தெரியாது. ஒரு வரி போதும் என்கிறார் அதிகாரி. ஒரு வரியில்தான் போன தடவை கெடுத்தேன். அதனால் இந்த முறை இதையெல்லாம் நீளமாக, அவளுடைய கம்ப்யூட்டரிலேயே, இரண்டு விரலால் தட்டித் தட்டி எழுதியிருக்கிறேன். அவள் படித்துப் பார்த்தாள். ஸ்கேனர் வேலை செய்யாதது இரண்டு வாரம் இல்லை, பத்து நாள் என்றாள். வேறு எதையும் மாற்றச் சொல்லவில்லை. பிரிண்ட் அவளே எடுக்கிறாள்.

ஐயா, பூங்குழலி ஒத்தாசைக்கு வந்தவள் இல்லை. உப்பளத் தொழிலாளி. அன்றைக்கு நான் சொன்னது பொய்.

செல்லப்பன்,
பூங்குழலியின் கணவன்,
மரக்காணம்.